முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய எஃப்.எம். அன்டெனா

கொழும்பில் அன்டெனா விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அன்டெனா கேட்டு வந்தவரிடம் "வீட்டுக்கு எந்தப் பக்கம் மலை?" என்று திருப்பிக் கேட்கும் கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். புறக்கோட்டையில், கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டிப் பிரதான வீதிக்குள் நுழைந்து முதலாம் குறுக்குத் தெருவில் திரும்பினால், மின்விசிறிக் கடைகளுக்கும் கைத்தொலைபேசி உறைக் கடைகளுக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. அந்தப் படிக்குக் கீழே, வாசலில் அலுமினியக் குழாய்களைச் சாய்த்து வைத்திருக்கும் கடை அது. பெயரை எழுதப் போவதில்லை. முதலாளி நானாவே வேண்டாம் என்றார். அன்டெனாக்களை அவரே உட்கார்ந்து செய்கிறார். கூட்டம் கூடிவிட்டால் நின்று பேசி விற்க முடியாது என்பது அவர் கவலை. பேசாமல் விற்க அவருக்குத் தெரியவும் தெரியாது.

எனக்குத் தேவைப்பட்டது என் வீட்டுக்கு அல்ல. நான் இருக்கும் கொட்டாஞ்சேனையில் ரேடியோவின் கம்பியை இழுத்துவிட வேண்டிய அவசியம்கூட இல்லை. எந்தப் பக்கம் திருகினாலும் ஏதாவது ஒரு நிலையம் முண்டியடித்துக்கொண்டு வரும். அன்டெனா தேவைப்பட்டது தலவாக்கலைக்கு மேலே, தோட்டத்தை ஒட்டி அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீட்டுக்கு. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலைச் செய்தியிலிருந்து இரவுப் பாட்டு வரைக்கும் வானொலிதான் அவருக்குத் துணை. அதைவிட முக்கியம், மரண அறிவித்தல். இந்த நாட்டில் தமிழ் வானொலி கேட்கும் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அது எப்படி ஒலிக்கும் என்றால், யாருடைய அன்புக் கணவர், யாருடைய பாசமிகு தந்தை, யாருடைய மாமனார் என்பதெல்லாம் தெளிவாகக் கேட்கும். காலமானவர் யார் என்ற இடத்தில் மட்டும் ஒரு கரகரப்பு வந்து பெயரை விழுங்கிவிடும். பிறகு அப்பா ஊர் முழுவதும் தொலைபேசி எடுத்து, உயிரோடு இருப்பவர்களிடமெல்லாம் நலம் விசாரிப்பார்.

கைத்தொலைபேசியில் கேட்கலாமே என்று உடனே சொல்வார்கள். கேட்கலாம். வீட்டுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் நின்றால் கேட்கலாம். தலவாக்கலை மழையில் எழுபதைத் தாண்டிய மனிதரை அந்தக் கல்லின் மேல் நிறுத்த எனக்கு மனமில்லை.

மலைநாட்டில் எஃப்.எம். ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் நானாவின் கேள்வியின் அருமை புரியும். எஃப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். இந்த அலை பெரும்பாலும் பார்வை போகும் வழியில்தான் போகும். பழைய மத்திய அலை தரையை அணைத்துக்கொண்டு நெடுந்தூரம் வரும். சிற்றலை வானத்தில் முட்டித் திரும்பி வரும். எஃப்.எம். அலை மலை முகட்டில் சிறிது வளையும், அவ்வளவுதான். முகட்டுக்கு உடனடிப் பின்னால் இருக்கும் பள்ளம் நிழலில் கிடக்கும். 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருந்து என்ன? எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் தேயிலை போர்த்திய ஒரு குன்று நிற்கிறதே! அந்தக் குன்றுக்கு எங்கள் ஊரில் பெயர்கூட இல்லை.

நிழல் மட்டும் என்றால் பரவாயில்லை. அதே நிலையத்தின் அலை எதிர்மலையில் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாகவும் வந்து சேரும். நேராக வந்ததும் தெறித்து வந்ததும் ஒன்றோடொன்று மோதும். பேச்சில் 'ச', 'ஸ' வரும் இடங்களெல்லாம் தகரத்தைக் கீறுவதுபோல ஒலித்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மோதல்தான். ரேடியோவை ஒரு சாண் நகர்த்தினால் சரியாகிவிடும். கையை எடுத்தால் திரும்ப வந்துவிடும். மலைநாட்டு வீடுகளில் ரேடியோ வைக்கும் இடம் சுவாமிப் படத்தின் இடத்தைவிட உறுதியாகத் தீர்மானிக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

என் தம்பி இதற்கு ஒரு வைத்தியம் செய்து வைத்திருந்தான். வேறொரு கடையில் 'பூஸ்டர்' என்று ஒரு பெட்டியை வாங்கி, ரேடியோவுக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தான். பச்சை விளக்கு எரிந்தது. முன்பு மெதுவாகக் கரகரத்தது, இப்போது உரக்கக் கரகரத்தது. அதை ஒரு பையில் போட்டு நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தங்கச்சி, இது சத்தத்தைப் பெருக்கும், எது பாட்டு, எது இரைச்சல் என்று இதற்கு எப்படித் தெரியும்?" என்றார். கேபிள் மிக நீளமாக இருந்தால், நல்ல பெருக்கியொன்றைக் கம்பத்தின் உச்சியில், அன்டெனாவின் காலடியிலேயே பொருத்துவதில் பலன் உண்டாம். ரேடியோவுக்குப் பக்கத்தில் வைப்பது, இரைச்சல் கலந்து முடிந்த பிறகு பெருக்குவதாம். அவருடைய கண்ணாடி அலுமாரியில் பூஸ்டர்கள் அடுக்கியிருந்தன. எனக்கு ஒன்றுகூட விற்கவில்லை.

அதைவிட ஆச்சரியம், அன்றைக்கு அவர் எனக்கு எதையுமே விற்கவில்லை. காசு செலவில்லாத சில வேலைகளைச் சொல்லி அனுப்பினார். முதலாவது, நிலையத்தின் வேறு அலைவரிசைகளைத் தேடுவது. நாடு முழுவதும் கேட்கும் தமிழ்ச் சேவைகள் ஒவ்வொன்றும் பகுதிக்குப் பகுதி வெவ்வேறு அலைவரிசையில் ஒலிக்கின்றன. அப்பா, எப்போதோ யாரோ சொல்லிக் கொடுத்த ஒரே இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு அங்கேயே பல வருடங்களாகப் போராடிக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாகத் திருகியபோது, அவருக்குப் பிடித்த சேவைகளில் ஒன்று சற்றுத் தள்ளி இன்னோர் இடத்திலும் வந்தது, முன்னதைவிட நன்றாகவே. இரண்டாவது, ரேடியோவின் முதுகிலுள்ள ஸ்டீரியோ பொத்தானை மோனோவுக்கு மாற்றுவது. ஸ்டீரியோவுக்கான கூடுதல் தகவல், ஒலியலைக்கு மேலே 38 கிலோஹேர்ட்ஸை ஒட்டி ஏற்றி அனுப்பப்படுகிறது. அலை பலவீனமானால் இரைச்சல் முதலில் கூடு கட்டுவது அங்கேதான். அதை வேண்டாம் என்று விட்டுவிட்டால் கரகரப்பில் பெரும்பகுதி அடங்கிவிடும். மரண அறிவித்தலை ஸ்டீரியோவில் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

மூன்றாவது, மின்குமிழ். மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ்களுக்கும் கைத்தொலைபேசி சார்ஜர்களுக்கும் உள்ளே இருக்கும் சிறு மின்சுற்று எஃப்.எம். பட்டைக்குள்ளேயே இரைச்சலைத் துப்பும். ரேடியோவை மின்கலத்தில் ஓடவிட்டு, வீட்டின் பிரதான ஆளியை அணைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். குசினி மின்குமிழ்தான் குற்றவாளி. அதை மாற்றிய பிறகு மாலை நேரத்துக் கரகரப்பு பாதியாகக் குறைந்தது. மாலையானால்தான் ரேடியோ கெடுகிறது, மூடுபனி இறங்குவதால் என்று அம்மா அதுவரை நம்பியிருந்தார்.

இவ்வளவும் செய்த பிறகும் மிச்சமிருந்த குறைக்குத்தான் அன்டெனா வாங்கப் போனேன். அந்த இரண்டாம் முறையில்தான் மலைக் கேள்வி வந்தது. எந்தப் பக்கம் குன்று, எவ்வளவு கிட்ட, எதிரில் திறந்த பள்ளத்தாக்கா மலையா, கூரை ஓடா தகரமா, ரேடியோவில் அன்டெனாத் துளை இருக்கிறதா. தகரம் என்றதும் தலையாட்டினார். தகரக் கூரைக்குக் கீழே எந்த அன்டெனாவை வைத்தாலும் பாதிப் பயன்தான். வெளியே, கூரைக்கு மேலே போக வேண்டும் என்றார்.

அவர் தந்தது யாகி என்ற வகை அன்டெனா, மூன்று குழாய் கொண்டது. நடுக்குழாய்தான் அலையை வாங்குவது. அதைப் பாதி அலைநீளம், அதாவது ஏறக்குறைய 1.4 மீட்டர் வரும்படி மடித்திருக்கிறார். பின்னால் சற்று நீண்ட குழாய், முன்னால் சற்றுக் குட்டையான குழாய். பின்னது தன் பக்கம் வருவதை முன்னுக்குத் திருப்பும். முன்னது தனக்கு நேரே வருவதை நடுவுக்குக் கூட்டித் தரும். ஆகவே முன்பக்கம் கூர்மையாகக் கேட்கும், முதுகுப் பக்கம் மந்தமாகிவிடும். தெறித்து வரும் அலையை ஒதுக்குவதற்கு இந்த முதுகுதான் தேவை. கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. அதற்கடுத்த வருடம்தான் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு பேர் இந்த அமைப்பை உலகுக்குச் சொன்னார்கள். நூறு வருடமாகியும் மூன்று குழாய்களை இதைவிட நன்றாக அடுக்கும் வழி இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

கேபிளில்தான் அந்த மனிதரின் கைநேர்த்தியைக் கண்டேன். இரண்டு சுருள்களை மேசையில் வைத்தார். வெளியில் பார்த்தால் இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஒரே எழுத்து: ஆர்.ஜி. 6. சவர அலகு ஒன்றை எடுத்து, இரண்டின் நுனியிலும் வட்டமாக ஒரு கீறு கீறித் தோலை உருவினார். முதலாவதில், உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளிக் கம்பிகள் சில, வழுக்கைத் தலையில் ஒட்டவைத்த முடிபோல அங்கொன்று இங்கொன்றாக. நகத்தால் தள்ளினார், ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டன. இரண்டாவதில் முதலில் ஓர் அலுமினியத் தாள், அதன் மேல் நெருக்கமான பின்னல், நகம் இறங்கவில்லை. நடுக் கம்பியைப் பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தில் தொட்டுக் காட்டினார், இரண்டும் ஒட்டின. "இது பரவாயில்லை, செம்பு பூசிய இரும்பு. இந்த அலைக்குக் கம்பியின் வெளித்தோல்தான் வேலை செய்யும். பின்னலில்தான் ஏமாற்றுவார்கள்" என்றார். நல்ல கேபிளில் 20 மீட்டர் ஓடினாலும் இந்த அலைவரிசையில் இழப்பு ஒன்றரை டெசிபெல்லைத் தாண்டாது. பின்னல் மோசமாக இருந்தால் இழப்பு ஒரு புறம், குசினி மின்குமிழின் இரைச்சலை வழியிலேயே ஏற்றிக்கொண்டு வருவது மறுபுறம்.

அப்பாவின் ரேடியோவில் அன்டெனாத் துளை கிடையாது. அதற்காகக் கேபிளின் மறுநுனியில் முதலைவாய்க் கவ்விகள் இரண்டைப் பற்றாசு வைத்துத் தந்தார். நடுக் கம்பியின் கவ்வி ரேடியோவின் இழுவைக் கம்பியின் அடியில். பின்னலின் கவ்வி மின்கலப் பெட்டிக்குள் மைனஸ் சுருளில். இழுவைக் கம்பியை முழுவதும் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார். கம்பி வெளியே நீண்டிருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் குப்பையெல்லாம் பொறுக்கும்.

அன்டெனா, கேபிள், கவ்வி, கம்பத்தில் பூட்டும் யூ ஆணி எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே முடிந்தது. குழாய்களைக் கழற்றிக் கட்டாகக் கட்டித் தந்ததால் பஸ்தியன் மாவத்தையில் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றுவதில் சண்டை வரவில்லை. இருக்கைக்குக் கீழே போனது.

வீட்டில் தம்பி கூரை ஓரத்தில் ஜி.ஐ. குழாய் ஒன்றை நிறுத்தினான். பிதுருதலாகலைத் திசை எது என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கமே திருப்பிப் பூட்டினான். முன்னேற்றம் இருந்தது, ஆனால் 'ச' இன்னும் கீறியது. நானா சொல்லியனுப்பியது அப்போதுதான் கைகொடுத்தது: மலை மறைத்தால் கோபுரத்தை நம்பாதே, காதை நம்பு; முழு வட்டமும் சுற்றிப் பார். தம்பி கூரையில், அம்மா சன்னலில், அப்பா ரேடியோவோடு. "வந்தது, போனது, வந்தது, விடு, விடு, ஐயோ போய்விட்டது" என்று அம்மா நேர்முக வர்ணனை செய்தார். கோபுரத்துக்கு ஏறத்தாழ முதுகைக் காட்டி, மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் நிற்கும் எதிர்மலையைப் பார்த்தபோதுதான் ஒலி பளிச்சென்று வந்து நின்றது. குன்றின் முகட்டை உரசிக் கசங்கி வந்த அலையைவிட, எதிர்மலையில் முழுதாகப் பட்டுத் திரும்பிய அலை சுத்தமாக இருந்திருக்கிறது. அன்டெனாவின் முதுகு அந்தக் கசங்கிய அலையை ஒதுக்கிவிட்டது. குழாய்களைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் பார்க்கச் சொல்லியிருந்தார். எங்களுக்கு நிமிர்த்தியது நன்றாக அமைந்தது. பக்கத்து வீட்டில் அப்படியே அமையும் என்று சொல்ல முடியாது.

இனிக் கிடைத்ததும் கிடைக்காததும். அப்பா வழக்கமாகக் கேட்கும் தமிழ்ச் சேவைகள் இரண்டு இப்போது ஐயமில்லாமல் கேட்கின்றன. பெயர், வயது, தகனம் நடக்கும் இடம், எல்லாம். மூன்றாவது ஒன்று மழை நாளில் தடுமாறுகிறது. அம்மாவுக்குப் பிடித்த நான்காவதோ முன்பு எப்படியோ அப்படியேதான். அது வேறொரு திசையிலிருந்து வருகிறது, அன்டெனா அதற்கு முதுகைக் காட்டுகிறது. ஒரு பக்கம் பார்க்கும் அன்டெனாவுக்கு இது கூடப்பிறந்த குணம். அதற்காக அம்மா நானாவைத் திட்டுகிறார். நியாயமில்லை, ஆனால் மணிக்கணக்கில் சன்னலில் நின்றவர் அவர்.

நானாவைத் திட்ட நியாயமான காரணங்களும் உண்டு. யூ ஆணிகள் வெறும் நாக முலாம். எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு பூத்துவிட்டது. நடுக்குழாயில் கேபிள் சேரும் பிளாஸ்டிக் பெட்டி மழைக்குப் போதாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் கேபிளின் பின்னல் கறுத்து, நல்ல கேபிளும் மோசமான கேபிளாகிவிடும். தம்பி அதை ரப்பர் நாடாவால் சுற்றி, கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு தொங்கு வளைவாக விட்டான். தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. இதைக் கடையிலேயே செய்து தர வேண்டும். மலைநாட்டுக்கு என்று தெரிந்தே விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. இன்னொன்று, எழுதிய குறிப்பு எதுவும் இல்லை. எல்லாம் வாய்மொழி. நான் கடலை சுற்றிய தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். பில் கேட்டால் தருகிறார், கேட்காவிட்டால் இல்லை.

இடியைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் சொன்னார். இது சிறிய குறை அல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பிற்பகல் இடி எப்படி விழும் என்று எல்லோருக்கும் தெரியும். கூரைக்கு மேலே உலோகக் கம்பம் நிறுத்துகிறவர் அதைத் தடித்த கம்பியால் நிலத்தில் அடித்த எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். வானம் கறுத்தால் கவ்விகளைக் கழற்றிக் கேபிளை வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். முதல் இடி கேட்ட பிறகு அதன் பக்கம் போகக்கூடாது. அப்பா இதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறார், ரேடியோ போய்விடும் என்ற பயத்தில்.

கம்பம் நிறுத்த வசதியில்லாத லயன் வீட்டுக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். அதே கடையில் தட்டை நாடா வயரில் டீ எழுத்து வடிவில் செய்த டைபோல் என்ற எளிய அன்டெனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தகரத்துக்குக் கீழே விரிக்காமல், வெளிச்சுவரில் கூரை விளிம்பைவிட்டு விலக்கி ஆணியடித்து மாட்டினால், அதுவே பலருக்குப் போதும். அதற்கும் முன்னால் முள்ளை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு முறை திருகிப் பாருங்கள், மின்குமிழைச் சந்தேகப்படுங்கள்.

போகிறவர்கள் காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை பூட்டியிருக்கும், ஞாயிறு கிடையாது. வீட்டைச் சுற்றியுள்ள மலைகளைத் தாளில் கீறிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவர் உங்களைக் கொண்டே அங்கே கீறவைப்பார், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். யூ ஆணிக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே வைத்திருக்கிறார், விலை கொஞ்சம் கூட.